பெயருக்குப் பின்னால் இரண்டெழுத்து

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே வைத்தியர்களின் பெயர்ப்பலகைகளில், சிலர் பெயருக்குப் பின்னால் எம்.டி. என்றும், சிலர் பெயருக்குப் பின்னால் டீ.ஓ. என்றும் எழுதப்பட்டிருக்கக் காணலாம். நம் நாட்டில் எம்.டி. என்பது மேற்பட்டம், அங்கோ அது வைத்தியத்தின் முதற்பட்டமே. டீ.ஓ. என்பது ஒஸ்தியோபதி முறையில் பயின்றோர் பெறும் பட்டம். பிரித்தானியாவில் ஒஸ்தியோபதியர் கையால் அழுத்திச் சீர்செய்வோரேயன்றி வைத்தியர் அல்லர். அமெரிக்க டீ.ஓ.வோ மருந்தும் எழுதுவார்; சத்திரசிகிச்சையும் செய்வார். இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனங்கொள்ளுதல் நன்று.

இம்முறையைத் தோற்றுவித்தவர் அன்ட்ரூ டெயிலர் ஸ்ரில். 1864 இல் மூளைக்காய்ச்சல் தம் பிள்ளைகள் மூவரைக் கொண்டுபோனபின், அக்கால மருந்துகளில் அவர் நம்பிக்கை இழந்தார். 1892 இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரில் கல்லூரியொன்றை நிறுவினார். எம்.டி.க்களின் சங்கமோ, இவர்களோடு சேர்ந்து தொழில் செய்வதையே முறைகேடெனக் கருதியது. வைத்தியசாலைகள் பல கதவடைத்தன. ஆகவே இவர்கள் தமக்கென வைத்தியசாலைகளைக் கட்டினர். 1939 இல், விசேட நிபுணர்க்கு அத்தாட்சி வழங்குவதற்கும் தமக்கெனவே ஓர் அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர்.

அத்தாட்சி எதற்கு என்று நாம் கேட்கலாம். மாநில அனுமதிப்பத்திரம் இன்றி அங்கு எவரும் வைத்தியம் செய்தல் ஆகாது. ஆயினும் அப்பத்திரம் இருதயம், கண், குழந்தை என்று துறை பிரித்து உரைப்பதில்லை. அதனை உரைப்பது நிபுணர் சபையின் அத்தாட்சியே. சட்டம் அதனைக் கட்டாயமாக்கவுமில்லை. உள்மருத்துவத்துக்குப் பட்டத்தின்பின் மூன்றாண்டுப் பயிற்சியும் பரீட்சையும் வேண்டும். இருதயத்துக்கு மேலும் மூன்றாண்டு. எனவே நோயாளியை அழைத்துச் செல்லும் குடும்பத்தார் கேட்கவேண்டியது, எம்.டி.யா டீ.ஓ.வா என்பதன்று, எத்துறையில் எச்சபையின் அத்தாட்சி என்பதேயாம்.

பட்டத்தின் எழுத்துக்கள் எவ்வளவு எளிதில் மாறக்கூடியன என்பதைக் கலிபோர்ணியா காட்டிற்று. 1961 இல் அம்மாநிலத்தின் இரு சங்கங்களும் செய்த உடன்பாட்டின்படி, ஏறத்தாழ இரண்டாயிரம் டீ.ஓ.க்கள் 65 டொலர் செலுத்தி எம்.டி.க்களாயினர். நேற்றுவரை விலக்கப்பட்டவர் இன்று சகபாடி! 1962 இல் புதிய டீ.ஓ.க்களுக்கு அனுமதி வழங்குவது அங்கு நிறுத்தப்பட்டது. அக்கதவை 1974 இல் மாநில உயர் நீதிமன்றமே திறந்தது.

2015 முதல் 2020 வரை, இருசாராரின் வைத்தியசாலைப் பயிற்சியும் ஒரே அமைப்பின்கீழ்க் கொணரப்பட்டது. இன்று டீ.ஓ. ஒருவர், உரிய பயிற்சி முடித்தபின், தம்மவர் சபையின் பரீட்சைக்கும் தோற்றலாம்; எம்.டி.க்களின் சபைப் பரீட்சைக்கும் தோற்றலாம். இளையோர் பலர் பின்னதையே நாடுகின்றனர். விலக்கப்பட்ட காலத்தில் அரிதின் முயன்று எழுப்பிய சபைகளுக்குப் பரீட்சார்த்திகள் குறைந்துபோவரோ என்ற கவலை, டீ.ஓ.க்களிடையே இப்பொழுது எழுந்துள்ளது.