மூன்று சதவீதம் என்ற கணக்கு

மாடித்தோட்டம் பற்றி இணையத்தில் எழுதிவரும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “கூகுளில் முதல் பக்கத்தில் வர வேண்டுமானால் நூறு சொல்லுக்கு மூன்று முறை ‘மாடித்தோட்டம்’ என்று எழுத வேண்டுமாம். எஸ்.இ.ஓ. (தேடுபொறியில் முந்தும் உத்தி) வகுப்பு எடுப்பவர் சொல்கிறார். அப்படி எழுதினால் எனக்கே படிக்கச் சகிக்கவில்லை. இந்த மூன்று சதவீதத்துக்கு அறிவியல் அடிப்படை ஏதாவது உண்டா?”

கிடையாது. ஏன் கிடையாது என்பதற்குப் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் இந்தச் சதவீத வியாபாரிகளிடம் யாரும் ஏமாற மாட்டார்கள்.

எந்தச் சொல் எந்தெந்தப் பக்கங்களில் இருக்கிறது என்ற அடைவைத் தேடுபொறி முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கும். ‘கத்தரி மாவுப்பூச்சி’ என்று தட்டியதும் அந்த அடைவைப் புரட்டிப் பக்கங்களை எடுத்துவிடும். இதுவரை சுலபம். எதை மேலே வைப்பது, எதைக் கீழே தள்ளுவது என்பதில்தான் சிக்கல்.

முதல் சாவியைக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். 1972-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக்கட்டுரை சொன்னது இதுதான்: எல்லாப் பக்கத்திலும் கிடக்கிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம். ஆயிரம் தோட்டக் கட்டுரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘செடி’ என்ற சொல் 500 கட்டுரைகளில் இருக்கிறது. ‘மாவுப்பூச்சி’ ஐந்தில்தான் இருக்கிறது. ஆயிரத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்து, இரண்டை அடியாகக் கொண்டு மடக்கை எடுத்தால் ‘செடி’க்கு 1, ‘மாவுப்பூச்சி’க்கு ஏறக்குறைய 7.6. மொழியோ பொருளோ அறியாத ஓர் இயந்திரம், எந்தச் சொல்லில் விஷயம் இருக்கிறது என்று வெறும் எண்ணிக்கையை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறது!

இரண்டாவது சாவி 1994-இல் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஸ்டீபன் ராபர்ட்சனும் குழுவினரும் உருவாக்கிய இந்தச் சூத்திரத்தின் பெயர் பி.எம்.25. என்னைக் கேட்டால் தகவல் தேடலில் இதைவிட நேர்த்தியான சூத்திரம் இல்லை. ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறதோ அந்த எண்ணை 2.2-ஆல் பெருக்கி, அதே எண்ணுடன் 1.2 கூட்டிவரும் தொகையால் வகுக்கிறார்கள். (சராசரி நீளமுள்ள பக்கத்துக்கு, வழக்கமான மாறிலிகளோடு.) சொல் ஒரு முறை வந்தால் 1 மதிப்பெண். இரண்டு முறை வந்தால் 1.38. மூன்று முறைக்கு 1.57. பத்து முறைக்கு 1.96. நூறு முறை எழுதினாலும் 2.17-தான். 2.2-ஐ எந்தக் காலத்திலும் எட்டாது.

பாயசத்துக்கு வெல்லம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அச்சு வெல்லம்தான் பாயசத்தைப் பாயசமாக்குகிறது. இரண்டாவது கொஞ்சம் கூட்டுகிறது. பத்தாவதை நாக்கு கண்டுகொள்வதே இல்லை. பாத்திரத்தின் அளவும் கணக்கில் உண்டு: உருளிக்குப் போதுமான வெல்லம் அண்டாவுக்குப் போதாது. பி.எம்.25-உம் அப்படித்தான், சராசரியைப் போல இரு மடங்கு நீளமுள்ள கட்டுரையில் ஒரு முறை வரும் சொல்லுக்கு 0.71 மட்டுமே தருகிறது. கேரன் அம்மையாரின் அரிய சொல் இங்கே ஏலக்காய். இரண்டே இரண்டு தட்டிப் போட்டாலும் வீடே மணக்கும். வெல்லத்தைக் கொட்டிக்கொண்டே போனால் திகட்டிப்போய் விருந்தாளி டம்ளரைத் தள்ளிவைப்பார். கூகுளும் சொற்களை வலிந்து திணிப்பதைத் தன் விதிகளில் மோசடிப் பட்டியலில் வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. ‘கத்தரி’யைப் பத்து முறை எழுதினால் 1.96. ‘கத்தரி’யை ஒரு முறையும் ‘மாவுப்பூச்சி’யை ஒரு முறையும் எழுதினால், இரண்டும் ஒரே அளவு அரிதானவை என்று வைத்துக்கொண்டாலும், 1-உம் 1-உம் சேர்ந்து 2. ஆக, ஒன்றையே ஜபிக்கிற கட்டுரையை, தேடுபவர் கேட்ட இரண்டையும் ஒரே ஒரு முறை சொல்கிற கட்டுரை வென்றுவிடுகிறது. இலையின் அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது எது, வேப்பெண்ணெய்க் கரைசலை எந்த அளவில் கலப்பது, எந்த நேரத்தில் தெளிப்பது என்று விவரமாக எழுதுபவருக்கு இந்தச் சொற்களெல்லாம் கேட்காமலேயே வந்து விழும்.

வரலாற்றையும் சொல்லிவிடுகிறேன். 1990-களில் தேடுபொறியை ஏமாற்ற வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைத்தார்கள். 1998-இல் கூகுளைத் தொடங்கிய ஸ்டான்போர்டின் பேஜும் பிரின்னும் பக்கங்களுக்கு வரும் இணைப்புகளை எடைபோட்டார்கள். அதன் பிறகு இணைப்பு விற்பனை தொடங்கியது. 2012-இல் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தால் கூகுள் அதற்குக் கடிவாளம் போட்டது. வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலுக்குள் எழுதிவைக்கும் ‘மெட்டா கீவேர்டு’ பட்டியலைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

கூகுள் தன் முழுச் சூத்திரத்தை வெளியிட்டதில்லை. இணைப்புகள், பக்கம் திறக்கும் வேகம், தேடுபவர் இருக்கும் ஊர் என்று பலவற்றையும் பார்க்கிறது. 2019 முதல் வாக்கியத்தின் பொருளைப் பிடிக்கும் மொழி மாதிரிகளும் சேர்ந்துவிட்டன. எல்லாமே சொல்லை எண்ணுவதிலிருந்து விலகிப்போகும் மாற்றங்கள்தான். இந்த நிலையில் மூன்று சதவீதம் எங்கிருந்து வந்தது?

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. ‘மாடித்தோட்டம்’, ‘மாடித் தோட்டம்’, ‘மாடித்தோட்டத்தில்’ மூன்றும் நமக்கு ஒன்று; வெறும் எழுத்துக்கோவையாகப் பார்க்கும் பொறிக்கு வேறு வேறு. வேற்றுமை உருபுகளைக் கழற்றி வேர்ச்சொல்லைக் காணும் வேலை ஆங்கிலத்தைவிடத் தமிழில் கடினம். அதனால் தலைப்பிலும் முதல் பத்தியிலும் மக்கள் வழக்கமாகத் தட்டும் வடிவத்தை ஒரு முறையாவது உருபு சேர்க்காமல் எழுதுங்கள். அதற்கு மேல் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டியில் எழுதிவைத்திருக்கிறது. எந்தச் சொற்களைத் தட்டி வாசகர்கள் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள் என்பதை ‘சர்ச் கன்சோல்’ என்ற அவர்களுடைய கருவி காட்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதைத் திறந்து பாருங்கள்.