முற்றுகைக் காலத்து முட்டை

1942 மார்ச் 23 அன்று, இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியப் படை அந்தமானின் போர்ட் பிளேரில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் சிப்பாய்கள் வீடு வீடாகக் கோழி பிடிக்கக் கிளம்பினார்கள். ஏர்கன்னால் சுட்டு அவர்களை விரட்டப் பார்த்த சுல்பிகார் அலி என்ற இளைஞரை ஊரார் கண்முன்னே கொன்றார்கள். பிறகு நேசநாடுகள் கடல்வழியை அடைத்தன; அரிசி வருவது நின்றது. 1945 ஆகஸ்டில், உணவு கரைந்துவிட்ட நிலையில், ஜப்பானியர் ஊராரில் நூற்றுக்கணக்கானோரைப் படகேற்றிக் கொண்டுபோய் ஹேவ்லாக் தீவருகே கடலில் தள்ளினார்கள்.

அதே போரில் பிரிட்டனும் கப்பலை நம்பிய தீவுதான். 1941 ஜூனில் அங்கே முட்டைக்கு ரேஷன் வந்தது. ஆளுக்கு வாரம் ஒன்று. ஆனால் கொல்லையில் கோழி வைத்திருப்பவர் அந்தப் பங்கை விட்டுக்கொடுத்தால், ஈடாகத் தீவன மாவு வாங்கிக்கொள்ளலாம். அதை உருளைக்கிழங்குத் தோலோடு பிசைந்து போட்டார்கள். மனிதன் தின்னாததைத் தின்று முட்டை போடும் கோழிக்குத்தான் போரில் மதிப்பு.

பண்ணைக் கோழி இந்தக் கணக்கில் தோற்றுப்போகும். வெள்ளை லெகார்ன் வகை ஆண்டுக்கு 300 முட்டை போடும், மறுப்பதற்கில்லை. அதற்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீவனம் வேண்டும். மக்காச்சோளமும் சோயாவும் வேண்டும். 16 மணி நேர வெளிச்சமும் வேண்டும். கோழிக்குக் கண்ணால் மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளும் வெளிச்சம் உறைக்கும். அதுதான் கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோன்களை முடுக்குகிறது. அந்தமானில் பகல் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணிக்கு முன்பின்தான். மீதிக்குப் பல்பு எரிக்கலாமென்றால், போர்க்காலத்தில் இருட்டடிப்பு உத்தரவு இருக்குமே!

முட்டை ஓட்டுக்கு வேண்டிய கால்சியத்துக்கு மட்டும் தீவில் பஞ்சமில்லை. ஒரு முட்டையோட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. இரையில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டைதான். கையில் எடுத்தால் பலூன்போல அமுங்கும். கிளிஞ்சலை அம்மியில் நொறுக்கிப் போட்டால் சரியாகிவிடும்.

சாதாரண நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். புரோலாக்டின் என்ற ஹார்மோன் செய்யும் வேலை. அடை தெளியட்டுமென்று தண்ணீரில் முக்கி எடுப்பவர்கள் நம் ஊரில் இன்றும் உண்டு. அப்படியும் ஆண்டுக்கு 60, 80 தாண்டுவது அரிது.

நிக்கோபார் தீவுகளின் நாட்டினமான நிக்கோபாரிக் கோழி இங்கேதான் வியக்கவைக்கிறது. குட்டைக்கால், உருண்ட உடம்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை. கொல்லையில் மேய்ந்து, தேங்காயைக் கொத்தித் தின்று, ஆண்டுக்கு 140 முதல் 160 முட்டை வரை போடுகிறது. நம் நாட்டு இனங்களில் முட்டைக்கு இதுதான் முன்னணி. பத்துப் பெட்டை இருந்தால் சராசரியாகத் தினமும் நாலு முட்டை கிடைக்கும், கப்பல் வந்தாலும் வராவிட்டாலும்.

2004 சுனாமியில் நிக்கோபார் மக்களின் பன்றிகளோடு கோழிகளும் பெருமளவில் போயின. மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இனத்தைப் பேணிவருகிறது. ஆனால் நிறுவனக் கொட்டில் மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்றிவிடாது. இறைச்சி எடை கூடுமென்று கிராமங்களில் கலப்பினக் குஞ்சுகளை விடுவது தொடர்ந்தால், சில தலைமுறைகளில் குட்டைக்காலும் போகலாம், முட்டையும் குறையலாம். தீவில் நிக்கோபாரிப் பெட்டை வைத்திருப்பவர்கள் கலப்புச் சேவலை அந்தக் கொல்லையில் விடாதீர்கள்.