பண்ணைக் கணக்கிற்கு இரண்டாம் படி

அறுவடையான நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைக்கும் குடியானவருங்கூட விதைநெல்லை மாத்திரம் கோட்டை கட்டி வேறிடத்தில் வைப்பார். ஆனால் குத்தகை வரவு, கூலிப் பட்டுவாடா, உரக்கடன், கூட்டுறவுச் சங்கத்துக்குச் செலுத்திய தவணை முதலியவற்றைக் கணினியில் எழுதத் தொடங்கியவர்களுள் பலர், அக்கணக்கிற்கு இரண்டாம் படி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வதில்லை. பேரேடு மழையில் நனைந்தால் சில ஏடுகளாவது மிஞ்சும். கணினியின் சேமிப்புத் தட்டு கெட்டாலோ, பெரும்பாலும் யாதொன்றும் மிஞ்சுவதில்லை. குத்தகை பாக்கியைப் பற்றித் தகராறு எழும் நாளில்தான் இந்நஷ்டத்தின் அளவு விளங்கும்.

சொந்தக் கணக்கு எழுதுவதற்கு விலையின்றிக் கிடைக்கும் க்னூகேஷ் என்னும் மென்பொருளை இங்கே உதாரணமாகக் கொள்ளலாம். கணக்கைச் சாதாரணமான எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருப்பின், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்திய நிலையை இம்மென்பொருள் வேறொரு கோப்பாக நிறுத்திவைக்கும். அக்கோப்பின் பெயரிலேயே வருஷம், மாதம், தேதி, மணி, நிமிஷம், விநாடி யாவும் எண்களாகக் காணப்படும். இதுவன்றி, பதியப்படும் வரவு செலவுகளை உடனுக்குடன் குறித்துவரும் லாக் கோப்பு ஒன்றும் உண்டு. முன்னது பேரேட்டின் பழைய படி என்றால், பின்னது சிட்டாவைப் போன்றது. எஸ்க்யூலைட் முறையில் கணக்கை வைத்திருப்போருக்கு மேற்சொன்ன பழைய படிகள் தாமாக உண்டாவதில்லை. அவர்கள் மென்பொருளை மூடியபின் தாமே பிரதி எடுத்தல் வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்று கணினி அணைந்துபோவது கிராமங்களில் புதிதன்று. மறுபடி திறக்கும்போது, கோப்பு பூட்டப்பட்டிருப்பதாக ஓர் அறிவிப்பு தோன்றும். முன்பு திறந்தபோது உண்டான பூட்டுக் கோப்பு நீங்காதிருப்பதே இதன் காரணம்; கணக்கு அழிந்துவிட்டதென்று அஞ்ச வேண்டுவதில்லை. வேறெவரும் அதைத் திறந்திருக்கவில்லை என்பது நிச்சயமானால் ‘ஓப்பன் எனிவே’ என்பதை அழுத்தித் திறக்கலாம். சேமியாமல் விடுபட்ட பதிவுகளை, ‘ஃபைல்’ பட்டியலில் ‘இம்போர்ட்’ என்பதன் கீழுள்ள வசதியால் லாக் கோப்பினின்று மீண்டும் ஏற்றலாம். இதற்குக் கை வைக்குமுன் கோப்புகள் யாவற்றையும் வேறோர் இடத்தில் பிரதி செய்துகொள்வது இன்றியமையாதது. பதறிப்போய்ப் பழுதான கோப்பின்மேலேயே சேமித்துவிடுவோர், மீளக்கூடியதையும் இழப்பர். மூலக்கோப்பே திறக்கவில்லையாயின், பழுதற்ற கடைசிப் படியைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, அந்த நேரமுதல் உண்டான லாக் கோப்புகளைக் கால வரிசைப்படி ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் இருப்பைப் பாங்கி பாஸ்புத்தகத்துடன் ஒத்துப் பார்த்தல் நன்று. லாக் கோப்பு வரவு செலவுப் பதிவுகளையே மீட்கும். தவணைப் பதிவுக்கென முன்கூட்டி அமைத்த ஏற்பாடுகளை மீட்காது.

இவ்வளவு வசதி இருக்கத் தனிப் பிரதி எதற்கு என்று கேட்பது இயல்பே. இந்தப் பழைய படிகள், மாற்றியமைத்தாலன்றி, 30 நாட்களே வைக்கப்படும். பின்னர் மென்பொருளே அவற்றை நீக்கிவிடும். வியாபாரி தினமும் கணக்கைப் பார்க்கிறார். நிலமுடையவரோ பெரும்பாலும் போகத்துக்கு ஒருமுறை, களத்துமேட்டில் பங்கு பிரிக்கும்போதே பார்க்கிறார். நடவு சமயத்தில் கைதவறி அழிந்த கூலிக் கணக்கு அறுவடையில் தெரியவரும்போது, அதைத் தாங்கிய படி ஒன்றும் எஞ்சியிராது. ஆகையால் ‘பிரிஃபரன்சஸ்’ பகுதியில் இக்கால அளவைக் கூட்டுவது அல்லது நீக்காதிருக்கச் செய்வது உத்தமம். அவ்வாறு செய்தாலும் அப்படிகள் மூலக்கோப்பிருக்கும் அதே தட்டில்தான் கிடக்கும். கணினி திருட்டுப்போனால் இரண்டும் கூடவே போகும்.

எனவே மாதம் ஒருமுறையும், ஒவ்வொரு போகத்தின் முடிவிலும், கணக்குக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வேறு வீட்டிலோ பாங்கிப் பெட்டகத்திலோ வைத்தல் வேண்டும். பழைய பிரதியின்மேல் புதியதை எழுதாமல் தேதியிட்டுத் தனித்தனியே வைப்பதே பயன் தரும். ரசீதுகளைப் படம் பிடித்துப் பதிவோடு இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கணக்குக் கோப்பில் இருப்பது படத்தின் இருப்பிடக் குறிப்பேயன்றிப் படமன்று. படங்களையும் உடன் எடுக்காவிடில் குறிப்பு மட்டுமே மிஞ்சும்.

விதையை முளைப்புச் சோதனை செய்யாமல் நாற்றங்காலில் இடுவாரில்லை. பிரதியையும் வருஷத்தில் இருமுறையாவது வேறொரு கணினியில் திறந்து, ரொக்க இருப்பும் கடன் பாக்கியும் மூலத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, பார்த்த தேதியை உறையின்மேல் எழுதி வைக்கலாம்.