படிப்பின் விலை – 6: மாதச் சம்பளத்தோடு ஒரு பட்டம்

அல்பர்ட்ஸ்லுண்ட், கோபன்ஹேகனுக்கு மேற்கே மின்ரயிலில் சுமார் அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் புறநகர். 1960-களில் வரைபடம் போட்டுக் கட்டிய ஊர். தாழ்ந்த வீடுகள், நடுவே ஒரு கால்வாய், சைக்கிளுக்கென்று தனிப் பாதைகள். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்க ஒன்றுமில்லை. தலைநகரில் அறை கிடைக்காத மாணவர்களுக்குத்தான் இந்த ஊரின் அருமை தெரியும். மோர்பேர்ஹேவன் என்ற மாணவர் குடியிருப்பு இங்கே இருக்கிறது. கிழக்கே ரயிலேறினால் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம், மேற்கே போனால் ரொஸ்கில்ட பல்கலைக்கழகம்.

இங்கே வளர்ந்த ஒரு பெண் இவற்றில் எதில் சேர்ந்தாலும் ஒரு குரோனர்கூடக் கட்ட வேண்டாம். வளர்ச்சி நிதி, நூலகக் கட்டணம் என்று நம்மூர் ரசீதுகளில் வரிசையாக வருமே, அதெல்லாம் கிடையாது. அதோடும் முடியவில்லை. ‘எஸ்.யு.’ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் அரசு உதவித்தொகை மாதாமாதம் அவள் கணக்கில் விழும். வீட்டை விட்டுத் தனியே தங்கிப் படிப்பவருக்கு 2025-இல் சுமார் 7,000 குரோனர், நம் பணத்தில் ஏறத்தாழ 90,000 ரூபாய். கடன் அல்ல, திருப்பித் தர வேண்டாம். சம்பளத்தைப் போல இதற்கும் வரி உண்டு.

தனியே தங்கும் அந்தப் பல்கலைக்கழக மாணவியின் அப்பா டாக்டரா, பேருந்து ஓட்டுநரா என்று யாரும் கேட்பதில்லை. நம்மூரில் முதல் பட்டதாரிச் சான்று வாங்க இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தவர்களுக்கு இது விளங்கும். அண்ணன் என்ன படித்தார், அக்கா எதுவரை படித்தார் என்று ஒரு குடும்பமே தன் படிக்காத வரலாற்றை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

7,000 குரோனர் பெரிய தொகை என்று நினைத்துவிடக் கூடாது. வாடகை போனால் மிச்சம் சொற்பம். பலர் சூப்பர் மார்க்கெட் கல்லாவில் உட்கார்கிறார்கள், சிலர் அரசு தரும் மாணவர் கடனையும் எடுக்கிறார்கள். ஆனாலும் படிக்கிற காலத்துக்குச் சோறு யார் போடுவது என்ற கேள்விக்கு அரசு ஒரு பதில் வைத்திருக்கிறது.

இந்தப் பதில் ஈழத்தமிழர்களுக்கும் கிடைத்தது. 1983-க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் குடும்பங்களை அழைத்துக்கொள்ளவிடாமல் நீதியமைச்சர் நின்-ஹான்சன் கோப்புகளைக் கிடப்பில் போட, அந்த ‘தமிழர் வழக்கு’ வெடித்து 1993 ஜனவரியில் பிரதமர் ஷ்லூட்டரின் அரசே விழுந்தது. அந்த அகதிகளின் பிள்ளைகள் வளர்ந்து, மற்ற டேனிஷ் பிள்ளைகளைப் போலவே உதவித்தொகை வாங்கிப் படித்தார்கள்.

ஆனால் எல்லாத் தமிழருக்கும் இந்தக் கதை பொருந்தாது. குடியிருப்பின் சலவையறையில் இரண்டு பையன்கள் துணி காய்வதற்காகக் காத்திருந்தார்கள். ஒருவன் டென்மார்க்கிலேயே பிறந்தவன், பேச்சில் யாழ்ப்பாணம். மற்றவன் கோயம்புத்தூர்.

“நீங்கள் எவ்வளவு கட்டுறீங்கள்?”

“வருஷத்துக்குப் பதினாலு லட்சங்க. வீட்டுப் பத்திரம் பேங்க்லதான் இருக்குதுங்க.”

“எனக்கு அவங்கள் எல்லோ காசு தாறாங்கள்” என்றான் இவன், கொஞ்சம் கூச்சத்தோடு.

2006 வரை கோவைப் பையனும் கட்டணம் கட்டாமல் படித்திருக்கலாம். அந்த ஆண்டுதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அதைச் சார்ந்த நாடுகளுக்கும் வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். இன்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்குச் சுமார் 10,000 முதல் 17,000 யூரோ. அவன் மாதம் 90 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம், கோடை மூன்று மாதங்களில் மட்டும் முழு நேரம். அதே வகுப்பில் ருமேனியாவிலிருந்து வந்தவருக்குக் கட்டணம் இல்லை. 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வாரம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் அவருக்கு எஸ்.யு.வும் உண்டு.

வரி கட்டியவர் பிள்ளைக்கு முதலிடம் என்று ஓர் அரசு சொன்னால் அதை அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். பால் பாக்கெட் வாங்கினாலும் 25 சதவீத மதிப்புக்கூட்டு வரி கட்டும் நாடு அது. ஆனால் டென்மார்க்கில் படிப்பு இலவசம் என்று நம்மூர் முகவர்கள் யாராவது சொன்னால், யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டண விலக்கை அல்ல. அது நம்மிடம் ஓரளவு இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பு சேர்பவரின் கட்டணத்தைத் தமிழக அரசே ஏற்கிறது. அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். அப்படியும் பையன் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறான் என்றால், கேட்டரிங் வேலைக்குப் போனால் ஒரு ராத்திரிக்குக் கிடைக்கும் கூலி வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் இரண்டும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இலவசம் என்று சலித்துக்கொள்பவர்கள் கவனிக்க வேண்டும்: தொகைதான் சிறியது, யோசனை எஸ்.யு.வின் யோசனைதான்.

டென்மார்க்கும் கையை இறுக்கத் தொடங்கிவிட்டது. ஒரு மாணவர் அதிகபட்சம் 70 மாதங்களுக்கு வாங்கலாம் என்றிருந்ததை, 2025 ஜூலை முதல் உயர்கல்வி தொடங்குவோருக்கு 58 ஆகக் குறைத்திருக்கிறார்கள். மாதங்களைக் குறைத்தாலும், மாதத் தொகையை ஆண்டுதோறும் திருத்தும் வழக்கத்தை விடவில்லை. நம்முடைய ஆயிரம், 2022-இல் அறிவித்த அதே ஆயிரம்.

(அடுத்த வாரம்: 1945-இலேயே கட்டணத்தை ஒழித்த இலங்கை)