தொழில்நுட்ப எழுத்தும் மாறும் காலமும்

புதியதோர் இயந்திரம் வீட்டிற்கு வருமாயின், அதனோடு சிறு புத்தகம் ஒன்றும் உடன் வருதலை யாவரும் கண்டிருப்போம். அதனைப் புரட்டிப் பார்ப்பார் சிலர். பெட்டியோடு எறிந்துவிடுவார் பலர். ஆயினும், இயந்திரம் இயங்காது நின்றபொழுது அப்புத்தகத்தைத் தேடாதார் இலர். அதனை எழுதியவர் யாவர் என்று நாம் எண்ணுவதில்லை. அவரே தொழில்நுட்ப எழுத்தாளர். பொறியாளர் அறிந்ததனைப் பொறியறியாதார்க்கு விளங்க உரைப்பது அவர்தம் தொழில். மொழி பயிலும் மாணவராகிய நமக்கும் உரிய தொழில்களுள் இஃது ஒன்றாதலின், இதன் வரலாற்றையும், இன்று இதற்கு நேர்ந்துள்ள மாற்றத்தையும் சிறிது ஆராய்வாம்.

இத்தொழில் பெயரளவில் புதிது, செயலளவில் பழையது. ஆங்கிலக் கவிஞர் சாசர், 1391-ஆம் ஆண்டளவில், விண்மீன்களின் நிலையை அளக்கும் அஸ்திரோலேப் என்னும் கருவியைக் கையாளும் முறையை, லத்தீன் நன்கறியாத லூயிஸ் என்னும் பத்து வயதுச் சிறுவன்பொருட்டு எளிய ஆங்கிலத்தில் எழுதினார். படிப்பவன் யாவன், அவன் அறியாதது யாது என்று முதலிற் கருதிப் பின்னரே எழுதத் தொடங்கிய அம்முறையே இன்றும் இத்தொழிலின் உயிர்நிலையாகும். இரண்டாம் உலகப்போரிற் புதிய கருவிகள் பெருகவே, விளக்கநூல்களின் தேவையும் பெருகிற்று. 1949-இல் பைனாக் என்னும் கணிப்பொறிக்கு ஜோசப் சாப்லின் என்பார் கையேடு எழுதினார். 1953-இல் அமெரிக்காவில் இவ்வெழுத்தாளர்கள் தமக்கெனச் சங்கம் அமைக்கத் தொடங்கினர்.

அன்றுமுதல் இவர்தம் பணியிடம் மாறாத காலமே இல்லை எனலாம். தட்டச்சுப் பொறியிருந்த இடத்திற் கணிப்பொறி அமர்ந்தது. அச்சிட்ட நூல் சுருங்கி, திரையில் தோன்றும் உதவிப் பக்கமாயிற்று. முழுநூலாக எழுதாது, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனிக் கூறாக எழுதி, வேண்டுமிடந்தோறும் எடுத்தாளும் டிட்டா என்னும் முறை 2005-இல் பொதுநெறியாக ஏற்கப்பட்டது. 2022 நவம்பரிற் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னரோ, ஒரு நாள் முழுதும் எழுதும் வரைவை இயந்திரமே சில நொடியில் எழுதித் தருகின்றது. இந்நிலையில், 1953-இல் வேரூன்றி எழுபதாண்டுக்குமேல் நிலைத்திருந்த அச்சங்கமே, பொருள்முட்டுப்பாட்டால் 2025 ஜனவரியிற் கலைக்கப்பட்டது. இத்தொழிலை நம்பியிருப்பார் உள்ளம் கலங்குதல் இயல்பேயன்றோ?

ஆயின், இத்தொழிலின் பயன் முடிந்துவிட்டதா? ஒரு நிகழ்ச்சியை நோக்குவோம். தெரக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மருத்துவம் செய்யும் கருவி. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் அதனால் ஆறு பேர் அளவிறந்த கதிர்வீச்சிற்கு ஆளாயினர். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாகாணத்து டைலர் நகரில், ஒரு நோயாளிக்கு மருத்துவம் செய்கையில், ‘கோளாறு 54’ என்னும் பொருள்படும் குறிப்புத் திரையில் தோன்றிற்று. அதன் பொருள் யாதென்று இயக்குவோர் கையேடு உரைக்கவில்லை. இத்தகைய குறிப்புகள் அடிக்கடி தோன்றுவன ஆதலின், இயக்கியவர் மேற்செல்லும் விசையை அழுத்தினார். நோயாளி மீண்டும் கதிரால் தாக்குண்டார். சில மாதங்களில் இறந்தார். கேட்டிற்கு மூலம் மென்பொருட் பிழையும் அமைப்புப் பிழையுமே. கையேடு நன்றாயிருந்தால் மட்டும் அனைத்தும் நீங்கியிருக்கும் என்றல் மிகையாம். எனினும், பேச வேண்டிய இடத்தில் நூல் வாய்மூடி இருந்ததனை நாம் மறத்தற்கில்லை.

இங்கேதான் எழுத்தாளர் செய்ய வேண்டுவது புலனாகின்றது. சொற்களைக் கோத்தல் இயந்திரத்திற்கும் எளிது. கூறியவாறே கருவி இயங்குகின்றதா என்று தானே இயக்கிப் பார்த்தலும், பொறியாளர் சொல்லாது விட்டதனை வினவி அறிதலும், பயன்படுத்துவோர் அருகிருந்து அவர் எங்கே தடுமாறுகின்றார் என்று காண்டலும் மனிதர் பொறுப்பாகும். எனவே, புதிய கருவிகளைத் தயங்காது கற்க. ஆனால் அவற்றுள் ஒன்றனையே தம் தொழிலென்று கருதற்க. தட்டச்சே தன் தொழிலென்றிருந்தவர் அதனோடு வீழ்ந்தார். விளக்குதலே தன் தொழிலென்றிருந்தவர் கணிப்பொறிக்கும் உரியவராயினார். இயந்திரம் எழுதிய வரைவை ஐயுற்று ஆராயும் திறமும் இன்று இன்றியமையாதது. ஏனெனில், வினாவுக்கு விடையிறுக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளும் எழுதி வைத்த விளக்கங்களையே ஆதாரமாகக் கொள்கின்றன. மூலத்திற் பிழையிருப்பின் விடையிலும் அப்பிழை பரவும்.

தமிழிலக்கியம் பயின்று யாது செய்வாய் என்று நம்மை வினவுவார் பலர். இத்தொழில் நம் நாட்டிற் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. ஆதலின் ஆங்கிலமும் தொழிலறிவும் நாம் முயன்று பெறவேண்டும். ஆயினும் நாம் வெறுங்கையராய்ச் செல்வோமல்லோம். மயங்க வைத்தலை நூற்குற்றங்களுள் ஒன்றாக நன்னூல் நமக்குக் கற்பித்துள்ளது. மாணவன் எவ்விடத்து ஐயுறுவான் என்று முன்னுணர்ந்து, தடையைத் தாமே எழுப்பி விடையும் தாமே கூறிய உரையாசிரியர்களிடம் நாம் பாடம் கேட்டு வருகின்றோம். அப்பழக்கம் எக்கருவி மாறினும் பயன்படுவதாம். அறியாதான் நிலையில் நின்று எண்ணிப் பார்க்கும் உள்ளமும், மெய்யென்று தெளிந்ததனையே எழுதும் உறுதியும் உடையார்க்கு மாறும் பணியிடத்திலும் பணி உண்டு.