பழைய கார் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

அரிசி மூட்டையில் குத்தூசி போட்டுப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. ஆனால் பழைய கார் வாங்கப் போனால் மட்டும் பெயிண்ட் பளபளப்பைப் பார்த்ததுமே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

நாமும் 2016-இல் அப்படித்தான் ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினோம். நாம் போவதற்கு முன்பே எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். குறை தெரியவில்லை. வீட்டுக்கு வந்தபின் காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை! தீபாவளிக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தில் 28,000 ரூபாய் ஒர்க்ஷாப்புக்குப் போயிற்று. அந்த நஷ்டம் நம் வணிக அன்பர்களுக்கு வரவேண்டாம் என்றே இதை எழுதுகிறோம்.

முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இரண்டுமே பெரிய செலவு.

அடுத்து, கால்மிதியைத் தூக்கித் தரைத்தகட்டில் துரு உண்டா என்று பாருங்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள். சேற்றுக் கறை இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். தகட்டில் காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருப்பார்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். 'டக் டக்' என்று சத்தம் வந்தால் முன் ஆக்சில் ஜாயின்ட் தேய்ந்துள்ளது. டயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை.

ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் இல்லாமல் பணம் தராதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். மாருதி 800 உற்பத்தி 2014-இல் நின்றது. ஆகவே அதை வாங்குவோர் பதிவுத் தேதியை முதலில் பார்ப்பது நல்லது.

தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட அழைத்துச் செல்லுங்கள். அவருக்குத் தரும் கூலி வீண் செலவு அல்ல. இவ்வளவும் பார்த்த பிறகு விலை பேசுங்கள். அது நமக்குத் தெரிந்த தொழில்தானே!