உள்ளங்கையில் ஒரு பரங்கிக்காய் பூதம்!

சுட்டிகளே! ஆண்டுதோறும் அக்டோபர் 31ம் தேதி, அமெரிக்காவில் ஹாலோவீன் கொண்டாட்டம். அன்று, பரங்கிக்காயில் கண், மூக்கு, வாய் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வாசலில் வைப்பர். இதன் பெயர், 'ஜாக் ஓ லான்டர்ன்!'

இந்தப் பழக்கம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பகுதிகளில் இருந்து வந்தது. அங்கே செதுக்கியது பரங்கிக்காயை அல்ல. கைக்கு அடக்கமான டர்னிப் கிழங்கை! அதைப் பார்த்து தீய ஆவிகள் ஓடிவிடும் என்பது நம்பிக்கை. 19ம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மக்கள், அங்கே தாராளமாக விளைந்த பரங்கிக்காய்க்கு மாறினர். குடைவதும் சுலபமாயிற்றே!

ஆக, குட்டி விளக்குதான் மூத்தது. காகிதத்தில் ஒரு குட்டிப் பரங்கி செய்வோமா?

தேவையான பொருட்கள்:

ஆரஞ்சு, பச்சை, கறுப்பு நிறக் காகிதங்கள், பசை, கத்தரிக்கோல், நூல்.

செய்முறை:

* ஆரஞ்சு காகிதத்தில், 12 செ.மீ., நீளம், 1 செ.மீ., அகலத்தில் நான்கு பட்டைகள் வெட்டுங்கள்.

* நட்சத்திரம் போல குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நடுவில் ஒட்டுங்கள்.

* எட்டு முனைகளையும் மேலே தூக்கி, ஒன்றுசேர்த்து ஒட்டினால், எலுமிச்சம்பழ அளவில் பரங்கி ரெடி!

* பச்சைக் காகிதத்தைச் சுருட்டி, உச்சியில் காம்பாக ஒட்டுங்கள்.

* கறுப்புக் காகிதத்தில் முக்கோணக் கண்கள், மூக்கு, கோணல் வாய் வெட்டி, பட்டைகளின் மேல் ஒட்டுங்கள்.

காம்பில் நூல் கட்டி ஜன்னலில் தொங்கவிடலாம். ஆனால், அருகில் மெழுகுவர்த்தி மட்டும் கூடவே கூடாது. காகிதம் நொடியில் தீப்பற்றும். வெளிச்சம் வேண்டுமா? பின்னால் டார்ச் அடியுங்கள். சுவரில் பூதத்தின் நிழல் பெரிதாக ஆடும்!